மனிதத் தோலை விட்டு இறங்காத வைரஸ்

கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக எச்.பி.வி., மனிதரைத் தவிர வேறெந்த விலங்கிலும் தானாகத் தொற்றித் தன் வாழ்க்கைச் சுற்றை முழுதாக முடிப்பதில்லை. காசநோய்க் கிருமியை ஆராய்ந்த ராபர்ட் காக்குக்குக் கினிப்பன்றி உதவியது, போலியோவை ஆராய்ந்த லாண்ட்ஸ்டைனருக்குக் குரங்கு உதவியது, எச்.பி.வி.யைக் கையில் எடுத்தவர்களுக்கோ அப்படியொரு விலங்கு இன்றுவரை அகப்படவில்லை. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 2022ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 1.27 லட்சம் பெண்களுக்கு இந்தப் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்டது. 80,000 பேர் வரை அதனால் இறந்தனர். இவ்வளவு பெரிய கேட்டை விளைவிக்கும் ஒரு வைரஸைச் சோதனை விலங்கில் வளர்க்க முடியாத நிலையிலேயே அதற்குத் தடுப்பூசியும் செய்யப்பட்டுவிட்டது என்பது வியப்புக்குரியதுதான். நேர்வழி அடைபட்டிருந்ததால் ஆய்வாளர்கள் சுற்றுவழிகள் பலவற்றில் போக வேண்டியிருந்தது. அவற்றுள் மிகப் பயனுள்ள ஒன்று 2011இல் நவி மும்பையிலிருந்து கிடைத்தது என்பதும், அது தற்செயலாகக் கிடைத்தது என்பதும் நம்மவரிடையே அதிகம் பேசப்படாத செய்திகள்.

இந்த வைரஸ் ஏன் பிற விலங்குகளில் வளர மறுக்கிறது என்பதை அறிய, அது மனிதத் தோலில் எப்படி வாழ்கிறது என்பதை முதலில் அறிய வேண்டும். மேல்தோல் பல அடுக்குகளால் ஆனது. அதன் அடியடுக்கிலுள்ள செல்கள் மட்டுமே பிரிந்து பெருகும். அவ்வாறு பிறந்த செல் மேல்நோக்கித் தள்ளப்பட்டு, போகப்போகத் தட்டையாகி, கெரட்டின் என்னும் கடினமான புரதத்தால் நிறைந்து, இறுதியில் உயிரற்ற செதிலாக உதிர்ந்துவிடும். ஏறத்தாழ 55 நானோமீட்டர் குறுக்களவும், 8,000 கார இணைகள் கொண்ட வட்ட வடிவ டி.என்.ஏ.வும் உடைய எச்.பி.வி., கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியாக அடியடுக்கை அடைந்து, அங்குள்ள செல்லுக்குள் நுழைந்து, சில படிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அமைதியாக இருக்கும். அந்தச் செல் மேலேறத் தொடங்கியதும், இனிப் பிரியக்கூடாது என்று ஓய்வுக்குப் போகவிருக்கும் அதனை, வைரஸின் இ6, இ7 என்ற இரண்டு புரதங்கள் தடுத்து வேலை வாங்குகின்றன. அதன் பயனாக டி.என்.ஏ. ஆயிரக்கணக்கில் படியெடுக்கப்படுகிறது. எல்1, எல்2 என்ற மேலுறைப் புரதங்கள் தோலின் உச்சிக்கு அருகில்தான் உண்டாகின்றன. முழுமையடைந்த வைரஸ் துகள்கள் உதிரும் செதிலோடு சேர்ந்து வெளியேறுவதால், எந்தச் செல்லையும் வைரஸ் வெடிக்கச் செய்வதில்லை, அழற்சியும் உண்டாவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொள்ள மாதங்கள் ஆவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கண்ணாடித் தட்டில் ஒற்றை அடுக்காக வளர்க்கப்படும் செல்களில் இத்தகைய ஏற்றமும் உதிர்வும் இல்லாததால், சாதாரணத் திசு வளர்ப்பில் எச்.பி.வி. துகள்கள் உருவாவதில்லை. மனிதத் தோல் செல்களை ஒரு கொலாஜன் படுகையின்மேல் பரப்பி, அடியில் ஊட்டநீரும் மேலே காற்றும் படும்படி தூக்கி வைத்து, பல அடுக்குகளாக அவற்றை வளரச் செய்யும் நுட்பத்தைக் கொண்டு, 1992இல் கிரெய்க் மையர்ஸ், லைமோனிஸ் லைமின்ஸ் ஆகியோரின் குழு எச்.பி.வி. 31 வகையின் துகள்களைத் தட்டிலேயே உண்டாக்கிக் காட்டியது. ஆயினும் தட்டில் இரத்த ஓட்டம் இல்லை, நோய் எதிர்ப்புச் செல்கள் இல்லை, மாதவிடாய்ச் சுழற்சியின் ஹார்மோன்கள் இல்லை. தொற்றியவர்களில் பெரும்பாலோர் ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே நலமடைய, சிலருக்கு மட்டும் அது புற்றுநோயாக மாறுவது ஏன் என்ற கேள்விக்கு உயிருள்ள உடலில்தான் விடை தேட முடியும்.

பிற விலங்கின் செல்லுக்குள் நுழையவே இந்த வைரஸால் முடியாது என்று எண்ணினால் அது தவறு. எச்.பி.வி.யின் மேலுறைக்குள் அதன் மரபணுக்களுக்குப் பதிலாக ஒளிரும் புரதத்தின் மரபணுவை வைத்து, அந்தப் போலித் துகளைச் சுண்டெலியின் பிறப்புறுப்பில் இட்டு அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தார் 2007இல் சோதித்தபோது, தோல் கீறப்பட்டிருந்த இடங்களில் அது தடையின்றி உள்ளே சென்று ஒளிர்ந்தது. தடை உள்ளே இருக்கிறது: வைரஸின் மரபணுக்களை இயக்கவும் படியெடுக்கவும் தேவையான செல் புரதங்கள் இனத்துக்கு இனம் சற்றே மாறுபடுகின்றன. கோடிக்கணக்கான ஆண்டுகள் ஒரே விருந்தோம்பியோடு கூடவே பரிணமித்து வந்த வைரஸுக்கு அந்தச் சிறு மாறுபாடே பெருந்தடையாகிவிடுகிறது. அதே 2007ஆம் ஆண்டுச் சோதனையில், கராகீனன் என்ற பிசின் இருந்த இடத்தில் வைரஸ் நுழையவில்லை என்பதும் தெரிந்தது. கராகீனன் சிவப்புக் கடற்பாசிகளிலிருந்து எடுக்கப்படுவது. இராமநாதபுரம் கடலோரத்தில் மகளிர் மிதவைகளில் கட்டி வளர்க்கும் கப்பாபைக்கஸ் பாசியும் அவ்வகையைச் சேர்ந்ததே.

மனித வைரஸ் விலங்கில் வளராவிட்டாலும், விலங்குகளுக்கு அவற்றுக்கே உரிய பாப்பிலோமா வைரஸ்கள் இருக்கின்றன. மண்டபத்தூர் போன்ற காரைக்கால் கடலோர ஊர்களிலும் உள்நாட்டு டெல்டாவிலும் கறவை மாடு வைத்திருப்போர், கன்றின் கழுத்திலும் பசுவின் மடிக்காம்பிலும் கொத்துக்கொத்தாக முளைக்கும் பாலுண்ணிகளைப் பார்த்திருப்பார்கள். நாய்க்குட்டிகளின் வாயோரத்தில் பூக்கோசுபோலத் தோன்றிச் சில வாரங்களில் தாமே மறையும் மருக்களும் இந்தக் குடும்பத்து வைரஸின் வேலையே. ஆனால் மாட்டுப் பாலுண்ணியின் வைரஸ் வேறு, மனிதர் கையில் வரும் பாலுண்ணியின் வைரஸ் வேறு. பால் கறப்பவரின் கைக்குப் பசுவின் மரு ஒட்டிக்கொள்ளும் என்ற அச்சம் இந்த வைரஸைப் பொறுத்தவரை தேவையற்றது.

இந்த விலங்கு வைரஸ்களில் முதலில் ஆய்வாளரின் கவனத்தை ஈர்த்தது முயலின் வைரஸ். அமெரிக்காவின் அயோவாப் பகுதி வேட்டைக்காரர்கள் கொம்பு முளைத்த காட்டு முயல்களைப் பற்றிச் சொல்வதைக் கேட்ட ரிச்சர்டு ஷோப், அந்தக் கொம்புகள் உண்மையில் கெட்டிப்பட்ட மருக்களே என்றும், அவற்றை அரைத்து, பாக்டீரியாக்கள் புகாத வடிகட்டியில் வடித்தெடுத்த நீர் வேறு முயலுக்கு நோயைத் தருகிறது என்றும் 1933இல் காட்டினார். இரண்டாண்டுகளுக்குப் பின் பெய்டன் ரூஸும் ஜோசப் பியர்டும், அதே வைரஸ் வீட்டு முயலில் புற்றுநோயாகவே மாறுவதைக் கண்டனர். இங்கே ஊன்றிக் கவனிக்கத் தக்க ஒன்று உண்டு: இயல்பான விருந்தோம்பியான காட்டு முயலில் வைரஸ் துகள்கள் ஏராளமாக உண்டாகின்றன, புற்றுநோய் குறைவு, அயலான வீட்டு முயலிலோ துகள்கள் அரிதினும் அரிது, புற்றுநோய் மிகுதி. துகளைத் தேடினால் கிடைக்காது, ஆனால் வைரஸின் மரபணு செல்லுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும் என்ற இந்தக் குறிப்பு, அரை நூற்றாண்டுக்குப் பின் ஹரால்டு சூர் ஹாசன் கருப்பைவாய்க் கட்டிகளில் வைரஸ் துகளைத் தேடாமல் டி.என்.ஏ.வைத் தேடி, 1983இல் எச்.பி.வி.யின் 16ஆம் வகையையும் 1984இல் 18ஆம் வகையையும் அறிவித்ததோடு பொருந்திப் போகிறது. மாடுகளில் வில்லியம் ஜாரெட் 1978இல் ஸ்காட்லாந்தில் காட்டிய உறவு இன்னும் சிக்கலானது: பாப்பிலோமா வைரஸும், பிராக்கன் என்ற பெரணியின் நச்சும் ஒன்றுசேர்ந்தபோதே மாட்டின் உணவுப் பாதையில் புற்று உண்டானது. நீலகிரியிலும் இமயமலைச் சரிவுகளிலும் அந்தப் பெரணி வளரும் மேய்ச்சல் நிலங்களில் மாடுகள் இரத்தம் கலந்த சிறுநீர் கழிக்கும் நோயிலும் இதே கூட்டுறவைக் கால்நடை மருத்துவர்கள் ஐயுறுகின்றனர்.

விலங்கு வைரஸ்களை ஒருபுறம் ஆராய்ந்துகொண்டிருந்தபோதே, மனித வைரஸையே விலங்கின் உடலுக்குள் வளர்க்கும் முயற்சியும் நடந்தது. அதில் முதல் வெற்றி பெற்றவர் பென்சில்வேனியாவின் ஹெர்ஷி நகரிலுள்ள மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜான் கிரைடர். அவர் கையாண்ட தந்திரம் எளிது, அதேவேளை விசித்திரமானது: வைரஸ் எலித் தோலை ஏற்காது என்றால், எலிக்குள் மனிதத் தோலையே வைத்துவிடலாம். இதற்கு அவர் எடுத்துக்கொண்டது மயிரற்ற ஒரு சுண்டெலி வகை. 1960களில் கிளாஸ்கோவில் கண்டறியப்பட்ட இந்த எலிகளுக்கு ஒரு மரபணுக் குறையால் மயிரும் வளராது, தைமஸ் சுரப்பியும் வளராது. டி-செல்கள் என்னும் நோய் எதிர்ப்புச் செல்கள் முதிர்வதற்கு இடமான அந்தச் சுரப்பி இல்லாததால், அயல் திசுவை அவற்றின் உடல் புறந்தள்ளாது. எச்.பி.வி. 11 வகை நிறைந்த மருக்களை அரைத்தெடுத்த சாற்றில் மனிதக் கருப்பைவாய்த் திசுவின் சிறு துணுக்குகளை ஊறவைத்து, இரத்த ஓட்டம் மிகுந்த இடம் என்பதால் எலியின் சிறுநீரகத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறைக்கு அடியில் அவர் அவற்றைச் செருகினார். சில மாதங்களில் ஒவ்வொரு துணுக்கும் நீர்க்கட்டியாக வளர்ந்து, அதன் உட்சுவரில் மனிதருக்கு வரும் மருவைப்போன்றே திசு மாறியிருந்தது. 1985இல் இந்த முடிவை வெளியிட்ட அவர் குழு, பின்னர் பிறந்த குழந்தைகளுக்குச் சுன்னத் செய்தபோது நீக்கப்பட்ட தோலைப் பயன்படுத்தி, தொற்றும் தன்மை குன்றாத வைரஸை ஓர் எலியிலிருந்து அடுத்ததற்கு மாற்றி மாற்றி உற்பத்தி செய்தது. இருந்தும் வைரஸ் வளர்ந்தது எலிக்குள்ளே இருந்த மனிதத் திசுவில்தான். எதிர்ப்பாற்றலே இல்லாத அந்த எலியிடம், உடல் இந்த வைரஸை எப்படி எதிர்க்கிறது என்று கேட்டு எந்தப் பயனும் இல்லை.

மரபணுவை மட்டும் எலிக்குள் புகுத்துவது மற்றொரு வழி. தோலின் அடியடுக்கில் மட்டும் இயங்கும்படி எச்.பி.வி. 16இன் மரபணுக்கள் பொருத்தப்பட்ட எலிகளுக்கு மாதக்கணக்கில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தபோது கருப்பைவாய்ப் புற்று உண்டானதை 1996இல் ஜெஃப்ரி ஆர்பைட் குழு காட்டியது. வைரஸ் மட்டும் போதாது, பெண்மை ஹார்மோனின் துணையும் வேண்டும் என்பது அதனால் தெளிவாயிற்று. சிகிச்சைத் தடுப்பூசிகளைச் சோதிப்போரிடையே மிகுதியாகப் புழங்குவது டி.சி.-1 என்ற கட்டிச் செல். எலி நுரையீரல் செல்லில் இ6, இ7 மரபணுக்களைச் செலுத்தி உருவாக்கப்பட்டது அது. தோலடியில் ஊசியால் செலுத்தினால் ஓரிரு வாரங்களில் கட்டி வந்துவிடும். அந்த வேகம் ஆய்வாளருக்கு வசதிதான். ஆனால் பெண்ணின் உடலில் பத்து, இருபது ஆண்டுகள் மெல்ல வளரும் நோய்க்கு அதைப் பதிலாள் என்று சொல்வது கடினம். டி.சி.-1 கட்டிகளை அடியோடு கரைத்த மருந்துகள் பல, மனிதரிடம் வந்தபோது அதே திறத்தைக் காட்டவில்லை.

தடுப்பூசியின் கதையில் நாய்க்கு உரிய பங்கைத் தராமல் கடந்துவிட முடியாது. மேலுறைப் புரதங்களை மட்டும் தனியே உண்டாக்கினால் அவையே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, வைரஸைப் போன்ற வெற்று உருண்டையாக அமையும் என்பதை 1990களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் ஜியான் ஜோ, இயன் ஃப்ரேசர் ஆகியோரும், அமெரிக்காவில் டக்ளஸ் லோவி, ஜான் ஷில்லர் ஆகியோரும் நிறுவினர். உள்ளே பருப்பில்லாத கடலைத் தோடுபோன்ற இந்த உருண்டையில் நோய் தரும் மரபணு கிடையாது. வெற்று உருண்டையை ஊசி மூலம் தசைக்குள் செலுத்தினால், தோலின் மேற்பரப்பில் வரும் தொற்றை அது தடுக்குமா? 1995இல் பீகிள் நாய்களில் செய்த சோதனையில், நாய் வைரஸின் எல்1 உருண்டை போடப்பட்ட நாய்களின் வாயில் வைரஸைத் தேய்த்தும் மரு வரவில்லை. அந்த நாய்களின் எதிர்ப்பான்களை எடுத்து வேறு நாய்களுக்குச் செலுத்தியபோது அவையும் காக்கப்பட்டன. இந்தச் சான்றும், முயலில் கிடைத்த இணையான சான்றும்தான் மனிதரிடம் சோதனையைத் தொடங்கத் துணிவு தந்தவை. 2006இல் முதல் தடுப்பூசி வந்தது. ஹன்செனுலா என்ற ஈஸ்டில் எல்1 புரதத்தை உண்டாக்கி, 6, 11, 16, 18 ஆகிய நான்கு வகைகளுக்கு எதிராகப் புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் 2022 ஜூலையில் ஒப்புதல் பெற்றது.

ஆய்வுக்கூடத்தின் அன்றாட விலங்கு முயலோ நாயோ அன்று, சுண்டெலி. அதன் மரபணுக்கள் முழுதும் அறியப்பட்டவை. அதன் எதிர்ப்புச் செல் ஒவ்வொன்றையும் அடையாளம் காணும் கருவிகள் சந்தையில் கிடைக்கின்றன. விரும்பிய மரபணுவை நீக்கிய எலிகளை விலைக்கே வாங்கலாம். ஆப்பிரிக்காவின் மாஸ்டோமிஸ் எலிக்கும், ஐரோப்பாவின் கதிரறுப்பு எலிக்கும் பாப்பிலோமா வைரஸ் இருப்பது 1970, 80களிலேயே தெரிந்திருந்தும், ஆய்வுக்கூடச் சுண்டெலிக்கென்று ஒரு வைரஸ் 2011 வரை எவர் கண்ணிலும் படவில்லை.

அது கண்ணில் பட்ட இடம் நவி மும்பையின் கார்கரில், டாட்டா நினைவு மையத்தின் அங்கமான ஆக்ட்ரெக் என்ற புற்றுநோய் ஆய்வு மையத்தின் விலங்குக் கூடம். அங்கு வளர்ந்த மயிரற்ற சுண்டெலிகளின் மூக்கிலும் வாயிலும், தோலும் சளிச்சவ்வும் சந்திக்கும் ஓரங்களில், மருக்கள் அடர்ந்து முளைத்தன. எதிர்ப்பாற்றல் குன்றிய எலிகளுக்கு ஏதேனும் தொற்று வருவது விலங்குக் கூடங்களில் புதிதன்று. நோய் கண்ட கூட்டத்தை அகற்றி, கூண்டுகளைக் கிருமி நீக்கிவிட்டு, தூய எலிகளைக் கொண்டு புதிதாகத் தொடங்குவதே வழக்கமான நிர்வாகம். கால்நடை மருத்துவரான அரவிந்த் இங்க்ளே அந்த மருக்களை ஆராய முற்பட்டு, அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் சண்ட்பர்க், லூயிவில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷின்ஜே கிம், பென்னட் ஜென்சன் ஆகியோருடன் கைகோத்தார். சண்ட்பர்க் கதிரறுப்பு எலியின் வைரஸை முன்பே ஆராய்ந்தவர். கிம்மும் ஜென்சனும் 1995ஆம் ஆண்டு நாய்ச் சோதனையில் பங்குகொண்டவர்கள். நுண்ணோக்கியில், மேலடுக்குச் செல்களின் உட்கருவைச் சுற்றி ஒளிவட்டம்போல் வெற்றிடம் தெரிந்தது. பெண்களின் பாப் ஸ்மியர் சோதனையில் எச்.பி.வி.யைக் காட்டிக்கொடுக்கும் அதே அடையாளம். எலக்ட்ரான் நுண்ணோக்கியில், உட்கருவுக்குள் வைரஸ் துகள்கள் படிகம்போல் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன. 7,510 கார இணைகள் கொண்ட அதன் மரபணுத் தொகுதி 2011இலேயே முழுதும் வாசிக்கப்பட்டது. இன்று அதற்கு எம்.எம்.யு.பி.வி.1 என்று பெயர். உலகின் பல பாப்பிலோமா ஆய்வகங்களில் இப்போது புழங்குவது கார்கரின் எலிக் கூண்டில் கண்டெடுக்கப்பட்ட இந்த வைரஸே.

இதனால் திறந்த கதவுகள் பல. இந்த வைரஸை இயல்பான எதிர்ப்பாற்றல் உள்ள எலியில் இட்டால் பெரும்பாலும் மரு வராது. அதே எலியின் டி-செல்களை அகற்றிவிட்டால் வரும். எச்.ஐ.வி. தொற்றியவர்களுக்கும், சிறுநீரக மாற்றுச் சிகிச்சைக்குப் பின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்து உட்கொள்வோருக்கும் எச்.பி.வி. நோய்கள் மிகுவதற்கு இது நேரடி விளக்கம். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பால் லாம்பர்ட் குழு, எலியின் தோலில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சினால், எதிர்ப்பாற்றல் உள்ள எலியிலும் இந்த வைரஸ் வேரூன்றுவதைக் காட்டியது. 2019இல் அவர்கள், பெண் எலியின் பிறப்புறுப்பில் இந்தத் தொற்றோடு ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்தபோது புற்றுநோய் வரை நோய் முற்றுவதை வெளியிட்டனர். மரபணுவைப் புகுத்திய எலியில் 1996இல் கண்டதை, இயற்கைத் தொற்றிலேயே காண முடிந்தது என்பது இதன் சிறப்பு. அதே 2019இல் வந்த மற்றொரு முடிவு எதிர்பாராதது. தோலில் தீங்கின்றிக் குடியிருக்கும் நிலையில் இந்த வைரஸைப் பெற்று, அதற்கு எதிரான டி-செல்களை வளர்த்துக்கொண்ட எலிகள், தோல் புற்றுநோயிலிருந்து பெருமளவு தப்பின என்று ஷாத்மேர் தெமெஹ்ரியின் குழு கண்டது. புற்றுநோய் வைரஸ் என்ற பெயரெடுத்த குடும்பத்திலேயே, உடலின் காவலைக் கூர்மையாக்கும் உறுப்பினரும் இருக்கலாம் என்பதற்கு இது சான்று.

ஆனால் எலியின் வைரஸ் எச்.பி.வி. 16இன் நகல் அன்று. எச்.பி.வி. 16இன் இ6 புரதம், செல்லின் கட்டுப்பாடற்ற பெருக்கத்தைத் தடுக்கும் பி53 என்ற புரதத்தைச் சிதைத்துவிடும். எலி வைரஸின் இ6 அதைச் செய்வதில்லை, அது வேறு செல் புரதங்களைப் பற்றிக்கொள்கிறது. மனிதரின் தோலில் குடியிருக்கும் பீட்டா வகை எச்.பி.வி.களோடு அதற்கு இந்த வகையில் நெருக்கம் அதிகம். எனவே, ஓர் எலியில் கிடைத்த முடிவைக் கொண்டு கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கு மருந்து கிடைத்துவிட்டது என்று நாளிதழ் தலைப்பு எழுதுவோர், எந்த மாதிரியில் கிடைத்த முடிவு என்று ஒருமுறை கேட்டுவிட்டு எழுதுவது நல்லது. மரபணு புகுத்திய எலி புற்றாகும் வழியைக் காட்டும், தொற்றும் வழியைக் காட்டாது. எலி வைரஸ் தொற்றையும் எதிர்ப்பையும் காட்டும், பி53இன் கதையைக் காட்டாது. தட்டில் வளர்த்த அடுக்குத் தோல் மனித வைரஸையே காட்டும், எதிர்ப்பாற்றலைக் காட்டாது.

மருத்துவரின் அறையில் நாள்தோறும் எழும் ஒரு கேள்விக்கு விடை தேடித் தந்ததும் விலங்கு மாதிரிதான். முப்பது வயதில் எச்.பி.வி. இல்லை என்று சோதனை சொன்ன பெண்ணுக்கு ஐம்பதில் இருக்கிறது என்று வந்தால், அது புதிதாகத் தொற்றியதா, பழையது மீண்டதா? முயலின் வாயில் வரும் பாப்பிலோமா வைரஸைக் கொண்டு ஜான் டோர்பார் குழு 2011இல் செய்த ஆய்வில், மருக்கள் முற்றிலும் மறைந்து ஓராண்டு கழிந்த பின்னும் அந்த இடத்தின் அடியடுக்குச் செல்களில் வைரஸின் டி.என்.ஏ. சிறிதளவு தங்கியிருந்தது. பின்னர் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்தைக் கொடுத்தபோது அந்த டி.என்.ஏ.வின் அளவு மீண்டும் உயர்ந்தது. மனிதரிடமும் இதுவே நிகழ்கிறது எனில், பரிசோதனையில் இல்லை என்பது வைரஸ் அளவு கண்டறியும் வரம்புக்குக் கீழே போய்விட்டது என்று மட்டுமே பொருள்படும். வயது முதிர்வாலோ நோயாலோ மருந்தாலோ எதிர்ப்பாற்றல் தளரும்போது, இளமையில் எப்போதோ வந்த தொற்று மீண்டும் தலைகாட்டலாம். ஆகவே ஐம்பது வயதில் வரும் எச்.பி.வி. முடிவு அண்மையில் நேர்ந்த தொற்றுக்குச் சான்றாகாது. அதை வைத்துக் கணவன் மனைவியையோ மனைவி கணவனையோ ஐயுறுவதற்கு உயிரியலில் இடமில்லை.